வாயை விட்டவனும் கையை நீட்டியவனும்

மார்கோ மெட்டராசி எப்படிப்பட்ட ஆள் என்று எங்கள் ஊரான தென்னேரிப் பக்கத்தில் கால்பந்து பார்க்கிற யாரைக் கேட்டாலும், பதில் இரண்டு இரவுகளில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. முதலாவது 2006 ஜூலை 9. பெர்லினில் உலகக் கோப்பை இறுதியாட்டம் தொடங்கியபோது இங்கே இரவு பதினொன்றரை மணி. எங்கள் சித்தப்பா வீட்டில் தறிக்குப் பக்கத்தில் விரித்த பாயில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணிக்குச் சற்று முன்னால் ஜினதின் ஜிடேன் திரும்பி நடந்து வந்து, தலையைக் குனிந்து, மெட்டராசியின் மார்பில் முட்டினார். சித்தப்பா முட்டியவரைத் திட்டவில்லை. "சும்மா போறவன் எதுக்கு வந்து முட்டப் போறான்? இவன் வாயை விட்டிருக்கான்" என்று இத்தாலிக்காரரைத்தான் திட்டினார். இரண்டாவது இரவு 2015 டிசம்பர் 20. கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் சென்னையின் எஃப்.சி. அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. பயிற்சியாளர் அதே மெட்டராசி. அதே வீடு, அதே பாய். சித்தப்பா இந்த முறை "நம்ம ஆளு" என்றார்.

இந்த ஒன்பது ஆண்டுகளில் அந்த மனிதர் மாறினாரா, நாங்கள் நின்று பார்க்கிற இடம் மாறியதா? ஒரு விளையாட்டு வீரரின் குணத்தைப் பற்றி ரசிகர்கள் சொல்வதில் எவ்வளவு அவரைப் பற்றியது, எவ்வளவு நம்மைப் பற்றியது? தமிழ்நாட்டுக் கால்பந்து ரசிகர்களுக்கு இந்தக் கேள்வியை மெட்டராசியைப் போல நெருக்கமாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. மரடோனாவைப் பற்றி நாம் சண்டை போடலாம். அவர் 2008-இல் கொல்கத்தாவுக்கும் 2012-இல் கண்ணூருக்கும் வந்து கையசைத்துவிட்டுப் போனவர். மெட்டராசி மூன்று பருவங்கள் பெரியமேட்டு நேரு அரங்கத்தில் நம் பக்கத்துக் கோட்டோரமாக நின்றவர்.

பெர்லினில் நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள்கூட முழு ஆட்டத்தை மறந்துவிட்டார்கள். மெட்டராசி அந்த உலகக் கோப்பைக்கு மாற்று வீரராகத்தான் போனார். செக் குடியரசுக்கு எதிராக நெஸ்டா காயப்பட்டதால் உள்ளே வந்து, அந்த ஆட்டத்திலேயே தலையால் ஒரு கோல் போட்டார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நேரடி சிவப்பு அட்டை வாங்கினார். அதனால் உக்ரைன் ஆட்டத்தில் இல்லை. இறுதியாட்டத்தின் 7-ஆவது நிமிடத்தில் மலூடாவை வீழ்த்தியதாக அவர்மேல் பெனால்டி கொடுக்கப்பட்டது. ஜிடேன் அதை அலட்சியமாகப் பந்தைத் தூக்கிவிட்டு கோலாக்கினார். 19-ஆவது நிமிடத்தில் பிர்லோவின் கார்னரை மெட்டராசி தலையால் அடித்துக் கணக்கைச் சமன் செய்தார். 110-ஆவது நிமிடத்தில் முட்டல். பெனால்டிகளில் அவர் தன் பங்கை அடித்தார், ட்ரெசெகே அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, இத்தாலி 5-3 என்று வென்றது. தவறு, திருத்தம், சண்டை, வெற்றி என்று ஒரே ஆட்டத்தின் நான்கு முனைகளிலும் இருந்தவர் இந்த ஒருவர்தான். ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருப்பது அவர் மல்லாந்து விழுந்த அந்த ஒரு கணத்தை மட்டும்.

எங்கள் தெருவில் அடிதடி என்றால் பெரியவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதலில் வாயை விட்டது யார், முதலில் கையை நீட்டியது யார். இரண்டு பேருக்கும் அபராதம் உண்டு. கையை நீட்டியவனுக்குக் கொஞ்சம் கூட. பெர்லின் விவகாரத்தை விசாரித்த ஃபிஃபாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. மெட்டராசிக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும், ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடையும் 7,500 ஃபிராங்க் அபராதமும். ஜிடேன் அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெற்றுவிட்டதால் தடைக்குப் பதில் சமூகப் பணி செய்ய ஒப்புக்கொண்டார். சட்டப்படி அத்தோடு வழக்கு முடிந்தது. ரசிகர்களின் பஞ்சாயத்தோ இன்னும் கலையவில்லை. அந்தப் பஞ்சாயத்தில் தீர்ப்பு தலைகீழ். கையை நீட்டியவர் பாவம், வாயை விட்டவர் பாவி.

இதற்கு ஒரு காரணம், அவர் என்ன சொன்னார் என்பது பற்றிய கதைகள். நம் ஊரில் பரவிய கதை, அவர் ஜிடேனின் தாயைக் கேவலமாகப் பேசினார் என்பது. தாயை இழுத்துப் பேசினால் எந்த மகன் பொறுப்பான் என்று கேட்டுவிட்டால் நம்மிடம் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். கதைக்கு வேர் இல்லாமலும் இல்லை. அந்த வாரமே தொலைக்காட்சியில் பேசிய ஜிடேன், தாயையும் சகோதரியையும் பற்றிய கடுமையான சொற்கள் என்றார். மெட்டராசி தாயைப் பற்றிப் பேசியதை முதல் நாளிலிருந்தே மறுத்தார். பதின்பருவத்திலேயே தன் தாயை இழந்தவர் அவர். அடுத்த ஆண்டு தன் தரப்பைச் சொன்னார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், சட்டை வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்ததும் தருகிறேன் என்றார் ஜிடேன், அதற்குப் பதிலாக அவர் சகோதரியைப் பற்றி அசிங்கமாக ஒன்று சொன்னேன் என்றார். நீண்ட காலம் கழித்து ஜிடேனும், பேச்சு தாயைப் பற்றியது அல்ல, சகோதரியைப் பற்றியதுதான் என்று ஒப்புக்கொண்டார். இதற்கிடையில் சில லண்டன் நாளிதழ்கள் உதட்டசைவைப் படிக்கிறவர்களை வைத்துக்கொண்டு, மெட்டராசி பயங்கரவாதம் என்ற சொல்லைச் சேர்த்து இனவெறியோடு திட்டியதாக எழுதின. அவர் வழக்குப் போட்டார். அவை மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுத்தன. வழக்கு நடந்த செய்தி தென்னேரிக்கு வரவேயில்லை. திட்டிய செய்தி மட்டும் வந்து தங்கிவிட்டது.

சகோதரியைப் பற்றிப் பேசியது சின்னக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. களத்தில் இல்லாத ஒரு பெண்ணை, களத்தில் இருக்கும் ஒருவரைக் குத்துவதற்கான ஊசியாக எடுத்தது அசிங்கம். அதை அவரே மறைக்காமல் சொன்ன பிறகும் அசிங்கம்தான். ஆனால் ஒருவரின் குணத்தை எடை போடும்போது அவர் செய்யாததையும் தட்டில் வைத்துவிட்டால் எடை போடுவதற்கே பொருள் இல்லாமல் போய்விடும். மெட்டராசியை வெறுக்க விரும்புகிறவர்களுக்கு உண்மையான காரணங்களே போதுமான அளவு இருக்கின்றன.

இன்னொரு காரணம் ஆழமானது, அதைப் பேச ரசிகர்கள் கூச்சப்படுகிறார்கள். ஜிடேன் பந்தைத் தொட்டால் அது இசை. மெட்டராசியின் வேலை அந்த இசையை நிறுத்துவது. கலைஞனுக்கு ஒரு தராசும் காவல்காரனுக்கு இன்னொரு தராசும் வைத்திருக்கிறோம். ஜிடேன் தன் ஆட்ட வாழ்வில் 14 சிவப்பு அட்டைகள் வாங்கியவர். 1998 உலகக் கோப்பையில் சவூதி அரேபிய வீரரை மிதித்து வெளியேற்றப்பட்டார். 2000-இல் யுவெண்டஸுக்கு ஆடும்போது ஹாம்பர்க் அணி வீரரைத் தலையால் முட்டினார். அப்போதெல்லாம் எதிரே மெட்டராசி இல்லை. இருந்தும் பெர்லின் முட்டல் நம் மனத்தில் ஒரு மாவீரனின் துயரமாகத்தான் பதிந்திருக்கிறது. அந்தப் போட்டித் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது. பிரான்ஸ் அதிபர் ஷிராக் அவரைப் பாராட்டினார். முட்டலைப் பற்றிய ஒரு விளையாட்டுப் பாட்டு அந்தக் கோடையில் பிரான்சில் முதலிடம் பிடித்தது. கலைஞர் அடேல் அப்தெசமத் அந்தக் கணத்தை 5 மீட்டர் உயர வெண்கலச் சிலையாக வடித்து 2012-இல் பாரிஸின் பொம்பிடு மையத்தின் முன் நிறுத்தினார். மரடோனாவின் கையால் போன கோலை மன்னித்த அதே மனசுதான் இது. அழகாக ஆடுகிறவனின் தவறு நமக்குக் காவியம். தடுத்து ஆடுகிறவனின் தவறு வெறும் அயோக்கியத்தனம். ஒரு மனிதரின் குணத்தை மதிப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பல நேரங்களில் அவர் ஆடும் இடத்தைத்தான் மதிப்பிடுகிறோம்.

நியாயம் பேச வேண்டுமென்றால் பெர்லினைவிடக் கனமான குற்றம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. நம் ரசிகர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி மிலான் நகரில் இன்டர் அணியும் சியெனா அணியும் மோதின. மெட்டராசி அன்று ஆடவே இல்லை. ஆட்டம் முடிந்து வீரர்கள் உள்ளே போகும் வழியில் சியெனாவின் புரூனோ சிரிலோவை முகத்தில் குத்தினார். சிரிலோ கிழிந்த உதட்டோடு தொலைக்காட்சி முன் நின்றார். மெட்டராசிக்கு இரண்டு மாதத் தடை. ஆட்டத்தின் சூடு என்று சொல்ல அங்கே வழியில்லை. வாயை விட்டவர் என்ற பட்டத்தோடு கையை நீட்டியவர் என்ற பட்டமும் அன்றே அவருக்குச் சேர்ந்துவிட்டது. 2006 ஏப்ரலில் வியாரியல் அணியின் சொரினை முழங்கையால் தாக்கியதும் இதே கணக்கில் வரும். பெர்லினுக்கு முன்பே ஐரோப்பாவில் அவர் பெயரைச் சொன்னால் எதிரணி ரசிகர்கள் பல்லைக் கடித்தார்கள் என்றால் அதற்கு அடிப்படை இருந்தது.

பத்து ஆண்டுகள் அவர் ஆடிய இன்டர் மிலான் ரசிகர்களிடம் இதே பட்டியலை நீட்டினால் அவர்கள் மறுக்க மாட்டார்கள். அதற்குப் பக்கத்தில் வேறொரு பட்டியலை வைப்பார்கள். 2000-01 பருவத்தில் பெருஜியா அணிக்குத் தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே இத்தாலிய லீகில் 12 கோல் போட்டவர். ஐந்து முறை லீக் பட்டம் வென்றவர். 2007-இல் பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் இரண்டு கோலும் அவருடையவை, அதுவும் அதே சியெனாவுக்கு எதிராக. 2005 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீகில் இரு மிலான் அணிகளும் மோதியபோது கூட்டத்திலிருந்து தீப்பந்தங்கள் வந்து விழுந்து ஆட்டம் நின்றது. புகையும் சிவப்பு வெளிச்சமுமாக இருந்த அந்த மைதானத்தில், எதிரணியின் ருய் கோஸ்டாவின் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மெட்டராசி வேடிக்கை பார்த்து நின்ற புகைப்படம் உலகம் முழுவதும் போனது. கால்பந்துப் பகை எவ்வளவு பொய், நட்பு எவ்வளவு சாதாரணம் என்று அந்த ஒரு படம் சொல்லும். எதிரணிக்காரரின் தோளில் அப்படி ஊன்றி நிற்கப் பழக்கம் வேண்டும்.

2010 மே மாதம் மட்ரிட்டில் இன்டர் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இரவும் உண்டு. மெட்டராசி கடைசி நிமிடத்தில்தான் உள்ளே அனுப்பப்பட்டார். ஆட்டம் முடிந்த பின், இன்டரை விட்டுப் போகவிருந்த பயிற்சியாளர் மொரின்யோ காரில் ஏறிப் புறப்பட்டவர், மெட்டராசி தனியாகச் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்து இறங்கி வந்தார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒளிந்திருந்து எடுத்தது போன்ற அந்தச் சின்னக் காணொளியைப் பார்த்த எவராலும் அந்த அழுகையை நடிப்பு என்று சொல்ல முடியாது. பெஞ்சில் உட்கார வைத்த பயிற்சியாளருக்காக முப்பத்தாறு வயது முரட்டு ஆள் குழந்தை மாதிரி அழுகிறார்.

சரி, நம் கதைக்கு வருவோம். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது பெர்லின் இறுதியாட்டத்தின் ஆட்கள் பலர் வரிசையாக இந்தியாவில் வந்து இறங்கினார்கள். பெனால்டியைக் கம்பத்தில் அடித்த ட்ரெசெகே புனேவுக்கு. பெனால்டியைக் கோலாக்கிய டெல் பியரோ டெல்லிக்கு. யாருடைய காயத்தால் மெட்டராசி உள்ளே வந்தாரோ அந்த நெஸ்டா சென்னைக்கு. அடுத்த ஆண்டு, மெட்டராசி வீழ்த்தியதாகச் சொல்லப்பட்ட மலூடா டெல்லிக்கு. இவர்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் மிக்கேல் சில்வெஸ்டர். 2006-இல் பிரான்ஸ் அணியில் இருந்தவர், ஜிடேனின் தோழர். அவர் 2014-இல் சென்னையின் அணியில் ஆடினார், ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்த மெட்டராசியின் கீழ். இன்னொரு பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் மென்டி மூன்று பருவமும் அவரோடு இருந்தார். பாரிஸில் சிலை வைத்தார்கள், நம் ஊர் டீக்கடையில் பஞ்சாயத்து வைத்தார்கள். சம்பந்தப்பட்ட பக்கத்திலேயே நின்றவர்கள் வந்து அவரோடு வேலை பார்த்துவிட்டுப் போனார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் எடை போடும் கல் வேறு. பயிற்சிக்கு நேரத்துக்கு வருகிறானா, தோற்றால் பழியை யார் தலையில் போடுகிறான், சம்பளம் இல்லாத உதவி செய்கிறானா என்பதெல்லாம் அந்தக் கல்லில் இருக்கும். நமக்கு அது எதுவும் தெரியாது.

எல்லா ஆட்டக்காரர்களும் மன்னித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2010 நவம்பர் மிலான் மோதலில் இப்ராஹிமோவிச் காலைத் தூக்கி உதைத்து மெட்டராசியை மருத்துவமனைக்கு அனுப்பினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தனக்கு விழுந்த அடிக்குப் பழிவாங்கினேன் என்று பிறகு பெருமையோடு எழுதினார். அந்த உதையைக் கொண்டாடுகிற ரசிகர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். முட்டலை வீரம் என்றும் உதையைத் துணிச்சல் என்றும் சொல்லிவிட்டு, மெட்டராசியை மட்டும் முரடன் என்பது எந்தக் கணக்கு என்று நான் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை.

சென்னையின் அணியின் முதல் பருவத்துக்கு நாங்கள் நான்கு பேர் வாலாஜாபாத்தில் ரயிலேறி, பார்க் நிலையத்தில் இறங்கி, பெரியமேட்டுக்கு நடந்து போனோம். ஆட்டம் முடிந்தால் திரும்ப ரயில் கிடையாது. கோயம்பேடு போய் காஞ்சிபுரம் பஸ் பிடித்து வந்து சேர நள்ளிரவு தாண்டும். அந்த ஆண்டு அணி லீகில் முதலிடம். எலானோ 8 கோல் அடித்து அதிக கோல் அடித்தவர் விருது வாங்கினார். அரையிறுதியில் கேரள பிளாஸ்டர்ஸிடம் கொச்சியில் 3-0 என்று தோற்று, சென்னையில் மூன்றையும் திருப்பிப் போட்டுவிட்டு, கூடுதல் நேரத்தின் கடைசியில் ஒரே ஒரு கோலால் வெளியே போனது. கோட்டோரத்தில் மெட்டராசி ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. கையை வீசுவார், கத்துவார், நான்காவது நடுவரின் காதில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "இந்த ஆளு களத்துல இருந்தா என்ன, வெளியில இருந்தா என்ன, வாய் சும்மா இருக்காது போல" என்று சிரித்தார். 2006-இல் சித்தப்பா சொன்ன அதே குற்றச்சாட்டு, இங்கே பாசமாகிவிட்டது.

2015 தான் அவரை நம்மவராக்கியது. பருவத்தின் நடுவில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பயிற்சியாளரை மாற்றச் சொல்லிப் பேச்சு எழுந்தது. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் அணி வென்றது. அப்போதுதான் மழை. நவம்பரில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை சென்னையும் காஞ்சிபுரம் மாவட்டமும் தண்ணீரில் கிடந்தன. எங்கள் ஏரி கலங்கல் வழிந்து ஓடியது. நெசவுக் குழிகளில் நீர் ஊறி, பாவு நனைந்து வீணான வீடுகள் எத்தனையோ. பல நாட்கள் கரண்ட் இல்லை. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி முதல் ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. சொந்த மண் இல்லாமல் ஆடிய அந்த ஆட்டத்தில் அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தினார்கள். கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் இறுதிக்குப் போனார்கள். இறுதியில் 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னே போனது. எதிரே பயிற்சியாளர் ஜீக்கோ. 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சொந்தக் கோல். காயத்துக்கான கூடுதல் நேரத்தில் மென்டோசா. 3-2. வெள்ளம் வடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஈரம் காயாத சுவர்களுக்கு நடுவே அந்தக் கோப்பை எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அன்று இங்கே இல்லாதவர்களுக்கு என்னால் விளக்க முடியாது. மெட்டராசியைப் பற்றிய எங்கள் தீர்ப்பில் அந்த ஈரமும் கலந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் நான் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

அதே இரவில்தான் எலானோவை கோவா போலீஸ் கைது செய்து ஜாமீனில் விட்டது. கொண்டாட்டத்தின் நடுவே கோவா அணியின் உரிமையாளர்களில் ஒருவரைத் தாக்கியதாகப் புகார். கோவா ரசிகர்களைக் கேட்டால் அந்த இறுதியாட்டத்தின் நினைவு அதுதான். பயிற்சியாளர் எப்படியோ அணியும் அப்படி என்பார்கள். அணியில் ஒருவர்மேல் வந்த புகாருக்குப் பயிற்சியாளரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. ஆனால் எங்களுக்குக் காப்பியமாகத் தெரிகிற ஓர் இரவு, 900 கிலோமீட்டருக்கு அப்பால் குற்றப் பத்திரிகையாகத் தெரிகிறது என்பதை நாங்கள் பேசுவதே இல்லை.

அடுத்த பருவத்தில் அணி எட்டில் ஏழாவது. 2017-இல் இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள். ஜான் கிரிகரி வந்து 2018 மார்ச்சில் பெங்களூரை அதே 3-2 கணக்கில் வென்று இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு சென்னை ரசிகர்களுக்குள்ளேயே பிளவு. மெட்டராசி வெறும் உணர்ச்சி வேகத்தில் ஓட்டியவர், கிரிகரியே கட்டியமைத்தவர் என்று ஒரு தரப்பு. ஜேஜே லால்பெக்லுவாவைப் போன்ற இந்திய வீரர்கள் மெட்டராசியின் காலத்தில்தான் தலை நிமிர்ந்தார்கள், அடித்தளம் அவருடையது என்று இன்னொரு தரப்பு. ஆட்டத் திறமை பற்றிய அந்த விவாதம் இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் அதிலும் கடைசியில் பேச்சு குணத்துக்குத்தான் போய் நிற்கிறது என்பதைக் கவனித்தேன். அவரைப் பிடிக்காதவர்கள் "கோபக்காரர்" என்கிறார்கள். பிடித்தவர்கள் "நமக்காகக் கோபப்பட்டவர்" என்கிறார்கள். சொல் ஒன்றுதான். ஒரு தரப்பு முன்னால் 'நமக்காக' என்று சேர்த்துக்கொள்கிறது.

என் ஆய்வில் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த இடம்தான். மெட்டராசியை நேசிக்கிறவர்களும் வெறுக்கிறவர்களும் வேறு வேறு குணங்களைப் பார்க்கவில்லை. இருவரும் ஒரே குணத்தைத்தான் பார்க்கிறார்கள். தன் பக்கத்துக்காக எதுவும் செய்வார், எந்த எல்லையும் தாண்டுவார். அந்தப் பக்கத்துக்குள் நீங்கள் நின்றால் அது விசுவாசம். வெளியே நின்றால் அது வன்முறை. மொரின்யோவைக் கட்டிக்கொண்டு அழுததும் சிரிலோவைக் குத்தியதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிய முடியாது. அதனால் அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி தவறாகக் கேட்கப்படுகிறது. யாருக்கு நல்லவர், அதற்கு யார் விலை கொடுத்தார் என்று கேட்க வேண்டும். விலை கொடுத்தவர்கள் பட்டியலில் சிரிலோவின் உதடு இருக்கிறது, பெர்லினுக்கு வராமல் தன் தாயோடு இருந்த ஒரு சகோதரியின் பெயர் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த கோப்பையால் அந்தக் கடன் தீராது. அந்தக் கடன் இருக்கிறது என்பதற்காக எங்கள் நன்றியும் பொய்யாகிவிடாது.

என் சொந்த நிலை இது. வெள்ளத்துக்குப் பிந்திய அந்த வாரத்துக்காக அவருக்கு நான் கடமைப்பட்டவன். அவர் மீண்டும் பெரியமேட்டுக்கு வந்தால் எழுந்து நின்று கை தட்டுவேன். ஆனால் வியாசர்பாடியிலும் இரவிபுத்தன்துறையிலும் இப்போது பந்தாடுகிற பிள்ளைகளிடம், எதிராளியை உசுப்பேத்துவதும் ஆட்டத்தில் ஒரு பங்கு என்று யாராவது அவர் பெயரைச் சொல்லிக் கற்றுக்கொடுத்தால் அதை எதிர்ப்பேன். அப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள். மாவட்ட அளவிலான ஆட்டங்களில் கோட்டுக்கு வெளியே நின்று, எதிரணிப் பையனின் சாதியையும் வீட்டையும் இழுத்துப் பேசச் சொல்லிக் கொடுக்கும் பெரியவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன். பெர்லினில் ஒரு சகோதரியைப் பற்றிச் சொன்ன சொல், நம் ஊரில் ஊர்ப்பெயராகவும் தெருப்பெயராகவும் மாறும். அது மார்பில் ஒரு முட்டலோடு முடியாது.

கோடையில் ஏரி வற்றினால் எங்கள் பையன்கள் உள்வாயில் கல் நட்டு கோல் போட்டு ஆடுவார்கள். கொஞ்ச வருடங்களாக அவர்களே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பேச்சு, தெருப் பேச்சு பேசினால் பத்து நிமிஷம் கரையில் உட்கார வேண்டும். போன மே மாதம் நான் போனபோது, முதுகில் 23 என்று எழுதிய பழைய நீலச் சட்டை போட்ட பையன் ஒருவன் கரையில் உட்கார்ந்திருந்தான். 23 மெட்டராசியின் எண். ஏன்டா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "பேசிட்டேண்ணா" என்றான். பேசப்பட்டவன் சற்று நேரத்தில் ஓடி வந்து, "நேரம் ஆச்சு, வாடா, ஆள் கம்மியா இருக்கு" என்று அவனைக் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான்.